மாடியில் இருந்தவர்களுக்கு நான் செய்த உதவி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். நேரத்துக்கு வருகிறீர்களா, உங்கள் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறீர்களா என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்வி, 'பிறருக்கு உதவும் மனப்பான்மை'. மற்றதற்கெல்லாம் யோசித்து ஆறோ ஏழோ போடுகிற நான், இதற்கு மட்டும் யோசிக்காமல் ஒன்பது போடுவேன். பத்து போட்டால் தலைக்கனம் என்று நினைப்பார்களே என்றுதான் அந்த ஒன்று குறைவு.

அந்த ஒன்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. லீவு லெட்டர் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மயக்கம் போட்டு விழுந்த பெண்ணைக் கம்பெனி வண்டியில் அணைக்கட்டு தாண்டி அவள் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். யாராவது எதையாவது தேடிக்கொண்டு நின்றால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அது நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் வேலை செக்கிங் டேபிளில். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் விலகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஆம்பூர் முஸ்லிம் பெண்கள். நாள் முழுக்க உருதுவில் பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல் வருஷம் அவர்கள் சிரித்தால் நானும் சும்மா சிரித்துவைப்பேன். மூன்றாவது வருஷம் சரியான இடத்தில் சிரித்தேன். பத்தாவது வருஷத்தில் உருதுவிலேயே சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்து வலி வந்து வேலையை விட வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் பள்ளிகொண்டாவில் வாடகை வீட்டில் இருந்தோம். மாமனார் போன பிறகு வேலூரில் அவர் வீடு எங்களுக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தத் தெருவில் எல்லா வீட்டு மாடியும் வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் விடப்பட்டிருக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி வருகிறவர்கள். நாங்களும் மாடியில் ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம் என்று ஒழுங்கு பண்ணி வாடகைக்கு விட்டோம்.

என் உருது அங்கேதான் பெரிய சொத்தாகிப்போனது. ஆம்பூர் உருதுவை ராஞ்சிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் புரியும். எந்த கவுன்டரில் டோக்கன் வாங்க வேண்டும், கடுகெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பிறகு கூடவே போக ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மாடிக்காரர்களும் வந்து கூப்பிட்டார்கள். உருதுவுக்கும் ஹிந்திக்கும் வித்தியாசம் பார்க்காத எங்கள் தெருவில் எனக்கு 'ஹிந்தி அக்கா' என்று பேர் விழுந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், பேச்சு கம்மி. அவரே ஒரு நாள், "உன்ன யாரும் கூப்புடாத நாள்ல வீட்ல இருக்கவே பேஜாரா கீதும்மா" என்றார். நான் கோபப்பட்டேன். அவர் சொன்னது உண்மைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் மாடிக்கு வந்தார்கள். ராஞ்சிப் பக்கத்து ஊர். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டெய்லர். கல்யாண மாப்பிள்ளைகளுக்கு ஷெர்வானி தைக்கிற பெரிய கடையில் வேலை. மோட்டார் பைக்கிலிருந்து விழுந்து வலது கை முழங்கைக்குக் கீழே நரம்பு அறுந்துவிட்டது. ஆறேழு மாசத்துக்கு முன்னால் இங்கேயே வந்து ஆப்பரேஷன் செய்துகொண்டு போனவர், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள மறுபடி வந்திருந்தார். அந்தப் பெண் அதிகம் பேச மாட்டாள். என்னை 'தீதி' என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம்.

அவர் வந்த இரண்டாம் நாளே என் ரவிக்கையின் தோள் தையலைப் பார்த்துவிட்டு, "தீதி, இதைத் தைத்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதையே நினைத்துத்தான் அந்த ரவிக்கையை வீட்டோடு வைத்திருந்தேன். தையலைப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. சாயங்காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து நூல், ஊசி, துணி என்று பேசிக்கொண்டிருப்போம். பேசும்போது அவர் இடது கை, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே இருக்கும்.

டெஸ்டெல்லாம் முடிந்து டாக்டரைப் பார்க்கிற நாளில் நானும் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. அவருக்கு ஹிந்தி பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. ஹிந்தி தெரிந்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "வேணாம் மேடம், நான் இருக்கேன்" என்றேன்.

டாக்டரம்மா அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், ஒரு நாணயத்தை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார். மூன்று தடவை முயற்சி பண்ணியும் நாணயம் நழுவியது. பிறகு டாக்டரம்மா என்னிடம் தமிழில் நிதானமாகச் சொன்னார். பிடிமானம் இன்னும் கொஞ்சம் வரும், பை தூக்கலாம், கதவு திறக்கலாம். ஆனால் ஊசி பிடிப்பது, மிஷினில் துணியை நுணுக்கமாக நகர்த்துவது, அதெல்லாம் பழைய மாதிரி வராது. அந்தத் தொழிலையே நம்பியிருக்க வேண்டாம். கீழே தெரபி பிரிவில் இடது கையால் வேலை செய்யப் பழக்குகிறார்கள், ஆறு வாரம் இருக்க வேண்டும், அடுத்த திங்கட்கிழமைக்குள் பேர் கொடுத்தால் இந்த முறை இடம் கிடைக்கும்.

"இத அப்படியே சொல்லிடுங்கம்மா" என்றார்.

நான் டெய்லர் பக்கம் திரும்பினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தையல் கைகளைப் பார்த்தவள் நான். மிஷினில் உட்கார்கிறவர்களுக்கு விரல்தான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே வாய் வரவில்லை. "மெள்ள மெள்ள வந்துவிடும் என்கிறார்" என்று உருதுவில் சொன்னேன். "பயிற்சி செய்யச் சொல்கிறார். கீழே ஆறு வாரத்துக்கு ஒரு கிளாஸ் நடக்கிறதாம், விருப்பம் இருந்தால் சேரலாமாம்."

அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் கையைக் கூப்பி டாக்டரைக் கும்பிட்டாள். "சொல்லிட்டீங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். வெளியே வந்தபோது மனசு ரொம்ப லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறோம் என்றே நினைத்தேன். அன்றைக்கு மாடியில் அவள் பாயசம் மாதிரி ஒன்று காய்ச்சி எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று ஊரிலிருக்கிற கடை முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். என் மிஷினை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், கல்யாண சீசனுக்குள் வந்துவிடுவேன், டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். டாக்டர் சொல்லிவிட்டார் என்பதை இரண்டு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் பார்க்க முடியுமா என்று கேட்டார். கிளாஸில் சேரவில்லையா என்று கேட்டேன். கை வந்துவிடப் போகிறது, ஆறு வாரம் இங்கே எதற்கு என்றார்.

நனைந்த புடவையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் இறங்கிப் போன பிறகுதான் அதைக் கொடியில் போட்டேன். கீழே வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா சொன்னத நீ இன்னாத்துக்கு மாத்தின?"

"அவரு மூஞ்சியப் பார்த்தா சொல்ல முடியல. பாவமா இருந்துச்சு."

அவர் கழற்றிய செருப்பை ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு, "உன்னால சொல்ல முடியலன்னு சொல்லு. அவருக்காகன்னு சொல்லாத" என்றார். குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

மாடிப்படி பதினான்கு. அன்றைக்கு அதை ஏற எனக்கு அரை நாள் ஆயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். இரண்டு பேரும் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. அன்றைக்கு டாக்டர் சொன்னதை நான் சரியாகச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் தீதி" என்றார்.

சொன்னேன். பை தூக்கலாம், கதவு திறக்கலாம், ஊசி பிடிக்க வராது, அந்தத் தொழிலை நம்பியிருக்க வேண்டாம். இடது கைக்குப் பழக்குகிற கிளாஸுக்குத் திங்கட்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பேசியது அந்தப் பெண். அதுவரைக்கும் என்னிடம் சேர்ந்தாற்போல நான்கு வார்த்தை பேசாதவள்.

"எங்களுக்கு மொழி தெரியாது, அதனால்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனோம்" என்றாள். "டாக்டர் சொன்னதில் எதைக் கொடுக்கலாம், எதை மறைக்கலாம் என்று நீங்கள் எப்படி முடிவு பண்ணலாம்?"

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் கதவை அடைக்கவில்லை. ஆனால் திரும்பி நின்றுகொண்டாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் மாடியில் நடமாட்டச் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலப் பேச்சு நின்றுபோனது. சனிக்கிழமை ரயிலுக்கும் அவர்கள் போகவில்லை. திங்கட்கிழமை பேர் கொடுக்க வேண்டும் என்பது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமான நானாக இருந்தால் திங்கட்கிழமை காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன், வாங்க போகலாம் என்று. அப்படி நிற்கத்தான் காலும் பரபரத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தபோது கேட்டேன். நாளைக்கு நான் வரட்டுமா, இல்லை, ஆஸ்பத்திரியில் ஹிந்தி தெரிந்த வேறு ஆளை ஏற்பாடு பண்ணட்டுமா?

யோசித்துப் பார்த்தால், உதவி செய்யப்போகிற இடத்தில் நான் வரட்டுமா என்று ஒருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வேறு ஆள்" என்றாள்.

வலித்தது. ஆனால் கேட்டது நான்தானே. திங்கட்கிழமை ஏழரை மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், விசாரணை கவுன்டரில் நின்று, ஹிந்தி பேசுகிற சமூகப் பணியாளர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஒடிசாப் பக்கத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த பெண். அவளிடம் அவர்கள் கார்டு நம்பரையும் டாக்டர் அறை நம்பரையும் கொடுத்தேன். நான் பண்ணிய தப்பையும் சொன்னேன், ஏனென்றால் அதைச் சொல்லாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க ஆன்ட்டி" என்றாள். வீட்டுக்கு வந்து, ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போங்கள், மஞ்சள் சட்டை போட்ட பெண் காத்திருப்பாள் என்று மாடிக்குச் சொல்லிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு முறம் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அவ்வளவு கீரை எங்கள் இரண்டு பேருக்கு நான்கு நாளைக்கு வரும்.

கம்பெனியிலிருந்து இன்றுவரைக்கும் நான் செய்ததில் எது உதவி, எது என் மனசுக்காகச் செய்தது என்று கீரையை உருவிக்கொண்டே யோசித்தேன். எல்லாமே பொய் என்று தோன்றவில்லை. அப்படி நினைப்பதும் ஒரு விதமான நடிப்புதான். மயங்கி விழுந்த பெண்ணை வீட்டில் சேர்த்தது உதவிதான். ஆனால் லீவு லெட்டர் விஷயத்தில் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, இத்தனை வருஷத்தில் ஒருத்திக்காவது எழுதச் சொல்லிக் கொடுத்தேனா? சொல்லிக் கொடுத்திருந்தால் என்னிடம் வருவது நின்றுபோயிருக்கும். நாளைக்கே கம்பெனி ஃபாரம் கைக்கு வந்தால் எத்தனை போடுவேன் என்று கேட்டுக்கொண்டேன். ஆறு போடலாம் என்று பட்டது. ஆறு ஒன்றும் கேவலமான மார்க் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் தெரபியில் சேர்ந்தார். ஆறு வாரமும் எங்கள் மாடியிலேயே இருந்தார்கள். காலையில் இரண்டு பேருமாகப் போய், மத்தியானம் வருவார்கள். அவர் இடது கையால் சாக்பீஸ் பிடித்துப் பழைய பேப்பரில் கோடு போட்டுப் பழகுவார். முதலில் கோடு ஆடியது. மாடி முழுக்கப் பேப்பர் பறந்து என் வாசலுக்கு வரும். பொறுக்கி, படியில் கல் வைத்து அடுக்கிவைப்பேன். மேலே கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அந்தப் பெண் கீழே வந்தாள். என் வீட்டு மூலையில் துணி போட்டு மூடியிருந்த தையல் மிஷினைக் காட்டி, அதை மாடிக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். அவர் வெட்டினால் தைக்க ஆள் வேண்டும், நான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். நானும் என் கணவருமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். சொல்லிக் கொடுத்தவர் அவர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரலால் துணியைத் தொட்டுக் காட்டுவார். ஆரம்பத்தில் அவள் பெடலை ஒழுங்காக மிதிக்காமல் சக்கரம் பின்னால் பின்னால் சுற்றியது. அதற்கு ஒரு சின்ன உபாயம் எனக்குத் தெரியும். வாயில் வந்த வார்த்தையை முழுங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். மறுநாள் சத்தத்திலேயே தெரிந்தது, சக்கரம் முன்னால் சுற்றியது. அவர் வேறு ஏதோ உபாயம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், இரண்டு பேருமாகச் சேர்ந்து தைத்த முதல் உருப்படியைக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு ரவிக்கை. வெட்டியது அவர் இடது கை, தைத்தது அவள். அவர் அதை என் கையில் கொடுத்து, "செக்கிங் டேபிளில் இருந்தவர் நீங்கள். சரியாகச் சொல்லுங்கள்" என்றார்.

அவள் என்னையே பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது பக்க அக்குளில் வெட்டு நூலளவு உள்ளே போயிருந்தது, அதனால் தையலும் அங்கே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு விநாடி தயங்கினேன். பிறகு விரலை வைத்து, "இங்கே இழுக்கிறது. கையைத் தூக்கினால் பிரியும்" என்றேன்.

அவர் அவளிடம் திரும்பி, "நான் சொன்னேன் அல்லவா?" என்றார். இரண்டு பேருமே சிரித்தார்கள். அவளே பிளேடு வாங்கி என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே, தீதி, இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டாள். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னால் அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

இப்போது ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், பெண்கள் துணி. ஷெர்வானி இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கிறது, போனில் பேசும்போது தெரியும். ஆனால் வெட்டுவதற்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் அவரிடம் துணி கொண்டுவருகிறார்களாம்.

நான் இன்னும் கூடப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், ஹிந்தி அக்காவாகத்தான். டாக்டர் சொல்வதைத் துண்டு துண்டாக, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கடினமான பேச்சாக இருந்தால், இதற்கு ஆஸ்பத்திரி ஆளைக் கூப்பிடுங்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் மாடிக்கு வந்திருக்கிற அஸ்ஸாம் அம்மா தன் மகளுடைய ரிப்போர்ட்டை வாங்கப் போனார். உள்ளே வரட்டுமா, வெளியே இருக்கட்டுமா என்று கேட்டேன். வெளியே இருங்கள், கூப்பிட்டால் வாருங்கள் என்றார். அறைக்கு வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தூங்குகிற குழந்தையின் காலை என் மடியில் நீட்டிவிட்டு, ஒரு சாத்துக்குடியை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். என்ன மொழிக்காரி என்று கேட்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன். உள்ளேயிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை.